மூன்றாவது கால்

சேரன்மகாதேவி
14 ஜூலை 2024

செல்வி கு. சுப்ரஜா அவர்களுக்கு,

இங்கு எனக்கும் உன் தாயாருக்கும் உடம்பில் குறையொன்றும் இல்லை. பெங்களூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொண்டதா என்பதை எழுதவும்.

நேற்று நீ தொலைபேசியில் அழைத்தபோது நான் எடுக்கவில்லை. இனியும் எடுக்கமாட்டேன். என் குரலைக் கேட்டால் நீ அழுகிறாய். நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிடுகிறேன். அதன்பின் நீ உன் விருப்பப்படி நடக்கிறாய். கோயம்புத்தூரில் கிடைத்த பொறியியல் இடம் கைவிட்டுப் போனது இப்படித்தான். ஆகவே, எனக்குச் சொல்ல வேண்டியதை எழுத்தில் சொல்.

நாம் ஒப்புக்கொண்டதை ஒருமுறை பதிவு செய்துவிடுகிறேன். நீ சேர்ந்திருப்பது பட்டப்படிப்பு அன்று. ஓவியமும் வடிவமைப்பும் படிக்கப் பல்கலைக்கழகம் செல்வதற்கு முன்னால் கையைப் பழக்கும் ஓராண்டு. ஃபவுண்டேஷன் என்று பெயர். அஸ்திவாரத்தை மட்டும் போட்டுவிட்டு, வீட்டை வேறிடத்தில் போய்க் கட்டிக்கொள் என்று சொல்லும் கொத்தனாரை நான் இதுவரை கண்டதில்லை. ஏப்ரல் முடிவதற்குள் ஒரு பல்கலைக்கழகம் உன்னை ஏற்றுக்கொள்ள வேண்டும். இல்லையேல் திரும்பி வந்து, நான் கற்பிக்கும் கல்லூரியிலேயே பி.எஸ்ஸி. இயற்பியலில் சேர்கிறாய். வருகைப் பதிவேட்டில் உன் பெயரை நானே வாசிப்பேன்.

வேளைக்குச் சாப்பிடு.

இங்ஙனம்,
சு. குமரகுருபரன்


பெங்களூர்
18 ஆகஸ்ட் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். தண்ணீர் ஒத்துக்கொண்டது, சாப்பாடு பழகிக்கொண்டிருக்கிறது. உங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது? இன்னும் ஸ்கூட்டரில்தான் பாளையங்கோட்டைக் கல்லூரிக்குப் போய்வருகிறீர்களா?

உங்களுக்குப் பிடிக்காத செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன். வகுப்பின் முதல் நாள் ஒரு பிஸ்கட் டின்னை நீட்டி, எல்லோருடைய ரப்பரையும் அதில் போடச் சொல்லிவிட்டார்கள். இந்த ஆண்டு முழுவதும் யாரும் எதையும் அழிக்கக்கூடாது. கோடு தப்பினால் அதன் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட வேண்டும். தப்பியதும் தாளில் இருக்க வேண்டும். நான் ஒரு ரப்பரைப் பென்சில் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தேன். பக்கத்து மேசை நஃபீஸத் பார்த்துவிட்டாள். "ஏளா, உங்கப்பா ப்ரொபசர்னு சொன்னே, நீ காப்பியடிக்கிற புள்ள மாதிரி முழிக்கியே" என்று சிரித்தாள். அவளுக்கு ஊர் மேலப்பாளையம். நம் பேச்சைக் கேட்கும்போது கொஞ்சம் ஆறுதலாக இருக்கிறது.

எங்கள் ஆசிரியை யூனிஸ் மேடமும் நம் பக்கம்தான், பாளையங்கோட்டை. என் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ரொம்பச் சுத்தமா இருக்கு. இதுல நீ எங்கே?" என்று கேட்டார்கள்.

அம்மாவை மாத்திரை மறக்காமல் சாப்பிடச் சொல்லுங்கள். பதில் எழுதுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
சுப்ரஜா


பெங்களூர்
10 நவம்பர் 2024

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். ஆகஸ்டில் நான் எழுதியதற்கு உங்களிடமிருந்து பதில் வரவில்லை. கிடைத்ததா என்று அம்மாவிடம் கேட்டேன். "கெடச்சிது, வாசிச்சாஹ, மடிச்சுச் சட்டைப் பையில வச்சிக்கிட்டாஹ" என்றாள். அதனால் மறுபடி எழுதுகிறேன்.

விரல் நுனியில் தோல் உரிகிறது. கரித்தூள் ஒத்துக்கொள்ளவில்லை, களிம்பு போடுகிறேன். வேறொன்றுமில்லை. நான் அழுவதாக அம்மா சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

இறுதித் திட்டத்துக்குத் தலைப்பு எடுத்துவிட்டேன். 'காத்திருப்பவர்கள்.' பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது நம் பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து, பஸ்ஸுக்கு நிற்கிறவர்களை வரைய வேண்டும். புகைப்படம் எடுத்து அதைப் பார்த்து வரையக்கூடாது என்பது விதி. நேரில்தான். மார்ச்சில் பல்கலைக்கழக நேர்காணலுக்கு இந்தத் தாள்கள்தான் போகும். மற்றதெல்லாம் இதற்குப் பின்னால்தான். இது சரியாக வராவிட்டால் நாம் ஒப்புக்கொண்டபடி நான் திரும்பி வந்துவிடுவேன்.

பஸ் ஸ்டாண்டில் உட்கார உங்கள் அனுமதி வேண்டும்.

உங்கள் மகள்,
சுப்ரஜா


சேரன்மகாதேவி
1 டிசம்பர் 2024

சுப்ரஜாவுக்கு,

யாவரும் நலம். விரலுக்குக் களிம்பு போதாது, தோல் மருத்துவரைப் பார். இதை இரண்டாம் முறை சொல்ல வைக்காதே.

உன் ஆகஸ்ட் கடிதத்துக்கு நான் பதில் எழுதாததற்குக் காரணம் உண்டு. எழுதியிருந்தால் உன் கல்விக்கூடத்தை அதன் தகுதிக்கேற்ற சொற்களில் குறிப்பிட நேர்ந்திருக்கும். ரப்பரைப் பறிமுதல் செய்கிறார்களாம். முப்பது ஆண்டுகளாக நான் செய்முறைத் தேர்வுகளின் தேர்வாளன். இடப்பக்கம் படம், வலப்பக்கம் எழுத்து. அடித்தல் திருத்தல் இருந்த எந்த ரெக்கார்டு நோட்டும் என் கையொப்பம் பெற்றதில்லை. நீ பன்னிரண்டாம் வகுப்பில் எழுதிய ரெக்கார்டை இன்றும் முதலாண்டு மாணவர்களிடம் மாதிரியாகக் காட்டுகிறேன். அதில் நீ எங்கே என்று எவரும் கேட்டதில்லை. வகுப்பறைப் பயிற்சியில் என்ன கூத்து வேண்டுமானாலும் நடக்கட்டும். வெளியார் பார்வைக்குச் சமர்ப்பிப்பது வேறு.

நான் மௌனமாக இருந்ததில் உன் தாயாருக்குக் கோபம். "பிள்ளைக்கு ரெண்டு வரி எழுதுனா கை தேஞ்சா போயிரும்?" என்று கேட்டாள். இது அவளுக்காக எழுதும் கடிதம் அன்று.

பேருந்து நிலையத்தில் வரையலாம். காலை ஒன்பதிலிருந்து நண்பகல் வரை. தில்லைநாயகம் அண்ணாச்சியின் மருந்துக்கடை வாசல் பெஞ்சில், அவர் கண்ணுக்கு எட்டும்படி உட்கார வேண்டும். அந்நாட்களில் எனக்குக் கல்லூரியில் உள்மதிப்பீட்டு வேலை இருக்கிறது. உன்னைப் பார்த்துக்கொண்டு நிற்க எனக்கு நேரமில்லை. அதை மனத்தில் வைத்து நடந்துகொள்.

சு. குமரகுருபரன்


பெங்களூர்
26 ஜனவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். நீங்களும் அம்மாவும் சுகமாக இருப்பீர்கள் என்று நினைக்கிறேன். விரல் ஆறிவிட்டது.

ஊரில் இருந்தபோது நீங்கள் கல்லூரி வேலையாகவே இருந்தீர்கள். அதனால் சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன். பஸ் ஸ்டாண்டில் எனக்குப் பயமே இல்லை. முதல் நாள் ஒரு ஆச்சி என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்து, "இது நானாட்டி? எனக்கு இம்புட்டு நீளமா மூக்கு?" என்று சண்டைக்கு வந்தார்கள். அவர்களே மறுநாள் நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்து, "இன்னைக்கிப் போடு" என்று எதிரில் நின்றார்கள். இரண்டு அம்பை பஸ் போனது, அவர்கள் ஏறவே இல்லை.

காத்திருக்கிறவர்கள் சும்மா நிற்பதில்லை அப்பா. காலை மாற்றி மாற்றி ஊன்றுகிறார்கள். ஒரு காலை வரைந்து முடிப்பதற்குள் எடை அடுத்த காலுக்குப் போய்விடுகிறது. பாதி வரைந்திருக்கும்போது பஸ் வந்து ஆளையே கொண்டுபோய்விடுகிறது. அதே தாளில் அந்த இடத்துக்கு வேறொருவர் வந்து நிற்கிறார். என் கை முதன்முறையாக என் பேச்சைக் கேட்காமல் ஓடியது.

ஆனால் ஒரு பெரிய தப்புச் செய்துவிட்டேன். புறப்பட்ட அவசரத்தில், பீரோவுக்குப் பின்னால் சாத்தி வைத்த பழுப்பு ஃபைலை விட்டுவிட்டு வந்துவிட்டேன். எல்லாத் தாள்களும் அதற்குள்தான் இருக்கின்றன. வேறு பிரதி இல்லை. பிப்ரவரி நடுவில் இங்கே மதிப்பீட்டுக் குழு பார்வையிடும். இருபுறமும் அட்டை வைத்து, மடிக்காமல், நனையாமல் அனுப்பிவைக்க வேண்டும். தயவு செய்து.

சுப்ரஜா


சேரன்மகாதேவி
6 பிப்ரவரி 2025

சுப்ரஜாவுக்கு,

நலம். உன் தாயாரின் சர்க்கரை அளவு இறங்கியிருக்கிறது.

ஃபைல் இன்று கூரியரில் புறப்பட்டது. திறந்து பார்த்தேன். அப்படியே அனுப்ப என் மனம் ஒப்பவில்லை. பல்கலைக்கழகத்துக்குச் செல்லும் தாள்களா அவை? ஓரங்களில் கிறுக்கல், தேநீர்க் கறை, ஒன்றின்மேல் ஒன்றாகக் கோடுகள். நான்கு நாள் மாலைப்பொழுதைச் செலவிட்டு ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். தலையோ தோளோ மட்டும் வரைந்து நிறுத்திய தாள்களை நீக்கினேன். எஞ்சியவற்றை எஃகு ஸ்கேல் வைத்துப் பிளேடால் ஒரே அளவாக வெட்டி, வெள்ளை சார்ட்டில் ஒட்டினேன். பலருக்கு மூன்று கால்கள் இருந்தன, ஒருவருக்கு நான்கு. அவற்றை இரண்டாக்கினேன். தாள் கிழியாமல் அழிப்பதற்கு நல்ல ரப்பரும் பொறுமையும் வேண்டும். இரண்டும் என்னிடம் உண்டு.

கூரியர்க் கடை ஹசன் அலி, "என்ன ஸார், கல்யாணப் பத்திரியா? இம்புட்டுப் பதனமா கட்டியிருக்கீய" என்றார். மகளின் பாடம் என்றேன்.

நான் உன் தேர்வுக்கு எதிரானவன்தான். அதற்காக என் வீட்டிலிருந்து அரைகுறையாக ஒன்று வெளியே போவதை அனுமதிக்க முடியாது. குழு பார்வையிட்டபின் என்ன சொன்னார்கள் என்பதை உடனே எழுது.

சு. குமரகுருபரன்


பெங்களூர்
24 பிப்ரவரி 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். பார்சல் மடங்காமல் வந்து சேர்ந்தது. நன்றி.

குழு பார்த்தார்கள். இன்னும் எதுவும் சொல்லவில்லை.

நீங்கள் இவ்வளவு நேரம் உட்கார்ந்திருக்க வேண்டாம் அப்பா. முதுகு வலித்திருக்கும்.

சுப்ரஜா


பெங்களூர்
3 மார்ச் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தாங்களும் குடும்பத்தாரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நான் தங்கள் மகளின் ஆசிரியை. சுப்ரஜா என்னிடம் இதை எழுதச் சொல்லவில்லை. எழுதுவது தெரிந்தால் வருந்துவாள்.

அவளுடைய இறுதித் திட்டத்தைக் குழு நிறுத்தி வைத்திருக்கிறது. எங்கள் ஓராண்டில் முடிந்த படத்தைவிட, அது எப்படி உருவானது என்ற தடம்தான் முக்கியம். தப்பிய கோடு, விட்டுப்போன முயற்சி, ஓரத்தில் எழுதிய குறிப்பு ஆகியவற்றைப் பார்த்துத்தான் பல்கலைக்கழகங்களும் ஒரு மாணவியை எடுத்துக்கொள்கின்றன. சுப்ரஜா தந்த தாள்களில் தடமே இல்லை. சில இடங்களில் கோடுகளை அழித்த அடையாளம் மட்டும் இருக்கிறது. புகைப்படத்தின்மேல் தாளை வைத்துப் படியெடுத்து, வழிக்கோடுகளை அழித்திருக்கிறாள் என்பது குழுவின் சந்தேகம். அது உறுதியானால் அவள் பெயரை நேர்காணலுக்கு அனுப்பமாட்டார்கள்.

அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன். "நான்தான் மேடம் அழிச்சேன்" என்றாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை. ஆகஸ்டிலிருந்து அவள் கோட்டைப் பார்த்துவருகிறேன். இது வேறு கை, பல காலம் பழகிய கை.

மார்ச் 20-க்குள் உருவான தடம் ஏதேனும் கிடைத்தால் குழுவிடம் நான் பேசுவேன். தங்களிடம் கேட்கத் தோன்றியது.

தங்கள் உண்மையுள்ள,
யூனிஸ் எபனேசர்


சேரன்மகாதேவி
7 மார்ச் 2025

திருமதி யூனிஸ் எபனேசர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமென நம்புகிறேன்.

ஒரு மாணவியின்மீது மோசடிச் சந்தேகம் எழுந்தால், அதை எழுத்தில் தந்து, விளக்கம் கேட்டு, அதன்பின் முடிவெடுப்பதே முறை. என் வாழ்நாளில் எத்தனையோ முறைகேட்டு விசாரணைகளில் அமர்ந்திருக்கிறேன். பிட்டுடன் பிடிபட்டவனைக்கூட நாங்கள் உட்கார வைத்துத்தான் கேட்டோம். பதினெட்டு வயதுப் பெண் பொய் சொல்கிறாள் என்று தெரிந்தும், யாருக்காகச் சொல்கிறாள் என்று கேட்கத் தங்கள் குழுவில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தாங்கள் ஒருவர்தான் கேட்டிருக்கிறீர்கள், அதுவும் அவளுக்குத் தெரியாமல்.

அவள் படியெடுக்கவில்லை. அழித்தது நான். வெட்டியதும் ஒட்டியதும் நான். அவளிடம் கேட்காமல் செய்தேன். வருத்தம் தெரிவிக்கும் பழக்கம் எனக்கில்லை. உண்மையைத் தெரிவிக்கும் பழக்கம் உண்டு. இக்கடிதத்தைத் தாங்கள் குழுவின் முன் வைக்கலாம், சுவரிலும் ஒட்டலாம்.

தடம் வருகிறது. இன்றே அவளுக்குத் தனியே அனுப்புகிறேன்.

சு. குமரகுருபரன்
இயற்பியல் துறைத்தலைவர்


சேரன்மகாதேவி
7 மார்ச் 2025

அன்பு சுப்ரஜாவுக்கு,

நீ சாப்பிடுகிறாயா என்று உன் தாயார் கேட்கிறாள். நானும் கேட்கிறேன்.

உன் ஆசிரியை எழுதியிருந்தார். "நான்தான் அழிச்சேன்" என்றாயாம். என் வீட்டில் பொய் சொல்ல யாரும் உனக்குக் கற்றுத்தரவில்லை. என்னைக் காப்பாற்ற நீ யார்? உன் ஆண்டு போகிறது, உன் வாழ்க்கை போகிறது, "நன்றி, முதுகு வலித்திருக்கும்" என்று எழுதுகிறாய். அந்தக் கடிதத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தேன். இத்தனை கோபம் எனக்கு வந்ததில்லை. அது உன்மீதுதானா என்று எனக்குத் தெளிவாகவில்லை.

இனி செய்ய வேண்டியதைக் கேள்.

தேர்வுத்தாளின் தலைப்பில் மாணவன் பெயருள்ள துண்டைக் கிழித்தெடுக்குமுன், தாளிலும் துண்டிலும் ஒரே டம்மி எண்ணைப் போடுவோம். திருத்தி முடித்தபின் இரண்டையும் சேர்ப்பதற்காக. கை பழக்கம், உன் தாள்களை வெட்டும்போதும் அதையே செய்திருக்கிறேன். சார்ட்டின் பின்புறம் பென்சிலால் எண் இருக்கும். வெட்டிய ஒவ்வொரு துண்டிலும் அதே எண் உண்டு. நீக்கிய தாள்களும் இதனுடன் இருக்கின்றன. திருத்திய தாளைக் குறித்த காலம் கழியுமுன் அழிக்கும் பழக்கம் எனக்கு இல்லாததால் இவை பழைய பேப்பர்க் கடைக்குப் போகவில்லை.

அழித்த கோடுகளுக்கு வருகிறேன். ரப்பர் கரியைத்தான் எடுக்கும். பென்சில் அழுத்திய பள்ளம் தாளில் இருக்கும். அறையை இருட்டாக்கி, விளக்கைத் தாளின் ஓரத்தில் கிட்டத்தட்டப் படுக்கவைத்துப் பிடி. பள்ளத்தில் நிழல் விழும். மூன்றாவது கால் தெரியும். அது வழிக்கோடு அன்று, ஊன்றி நின்ற கால் என்பதை உன் குழுவும் பார்க்கட்டும்.

துண்டுகளை எண்வரிசையில் அடுக்கும்போதுதான் வாசித்தேன். வெட்டியபோது அவற்றை வாசிக்கத்தக்கவையென்று நான் கருதவில்லை. பேருந்து நிலையத்தில் காதில் விழுந்ததையெல்லாம் ஓரத்தில் எழுதி வைத்திருக்கிறாய். பதினொன்றாம் எண் துண்டில், எதிர்ப்புறம் டீக்கடைத் தட்டிக்குப் பின்னால், விரல் நீளத்தில் ஒரு ஆள் நிற்கிறான். முழங்கையில் ஹெல்மெட், பக்கத்தில் ஸ்கூட்டர், மூன்று கால். பதினான்கிலும் அவன்தான். பத்தொன்பதிலும் அவன்தான். அவனுக்குக் கீழே இப்படி எழுதியிருக்கிறாய்: "அந்தா நிக்காருல்லா ஸ்கூட்டர்க்காரரு, மூணு நாளா பஸ்ஸும் ஏறல, வண்டியையும் எடுக்கல. யாருக்குக் காத்துக் கெடக்காரோ, பாவம்."

இதைப்பற்றி நான் எதுவும் எழுதப்போவதில்லை. பார்சலை மாலை கூரியரில் சேர்க்கிறேன். விளக்கைச் சாய்த்துப் பிடிக்க மறவாதே.

அப்பா


பெங்களூர்
13 ஏப்ரல் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நன்றாகச் சாப்பிடுகிறேன். அம்மாவிடமும் சொல்லுங்கள்.

அம்மாவிடம் தொலைபேசியில் சொல்லிவிட்டு, உங்களிடம் சொல்லாதே என்று தடுத்து வைத்திருந்தேன். உங்களுக்கு எழுத்தில்தான் சொல்ல வேண்டும். இடம் கிடைத்துவிட்டது. ஜூலையில் பல்கலைக்கழகத்தில் சேர வேண்டும்.

உங்கள் கடிதத்தை யூனிஸ் மேடம் குழுவில் வாசித்தார்களாம். "சுவரிலும் ஒட்டலாம்" என்ற இடத்தில் ஒருவர் சிரித்துவிட்டாராம். மேடம் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம், "உங்கப்பா எங்களைத் திட்டியிருக்காங்க, ஒரு எழுத்துப் பிழை இல்லாம" என்றார்கள். ஓர் அறையை இருட்டாக்கி, நஃபீஸத் டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாள். அழித்த கால்கள் எல்லாம் வந்தன அப்பா. முதலில் நான் வரைந்தபோது தெரிந்ததைவிட நன்றாகத் தெரிந்தன.

துண்டுகளை எண் பார்த்துச் சேர்த்து, விக்கிரமசிங்கபுரத்து நடராஜ் மாமா மில்லிலிருந்து கொடுத்த நூலால் தைத்தேன். வகுப்பில் சிலர் வெட்டு தெரியாமல் ஒட்டச் சொன்னார்கள், நான் மாட்டேன் என்றேன். நீங்கள் வெட்டியதும் அதில் இருக்கட்டும். நேர்காணலில் ஒரு பெரியவர் தையலைத் தடவிப் பார்த்துக்கொண்டே வந்து, பத்தொன்பதில் நிறுத்தினார். "இவர் யார்?" என்று கேட்டார். "பஸ்ஸுக்கு நின்றவர்" என்றேன். "எந்த பஸ்ஸுக்கு?" என்றார். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

முதல் நாள் காலையிலேயே உங்களைப் பார்த்துவிட்டேன். திரும்பினால் போய்விடுவீர்களோ என்று பயமாக இருந்தது. அதனால்தான் ஓரத்தில், சின்னதாக.

எந்த பஸ் அப்பா?

26-ஆம் தேதி காலை வந்து இறங்குகிறேன்.

சுப்ரஜா


சேரன்மகாதேவி
19 ஏப்ரல் 2025

பாப்பாவுக்கு,

நாங்கள் இருவரும் நலம். முதுகுவலி இல்லை. ஸ்கூட்டரை மாற்றும் எண்ணமும் இல்லை.

செய்தி கிடைத்தது. நாம் ஒப்புக்கொண்டதை நீ நிறைவேற்றிவிட்டாய். நானும் நிறைவேற்றுவேன், பி.எஸ்ஸி. விண்ணப்பத்தைக் கிழித்துவிட்டேன். அதற்காக ரப்பர் பறிக்கும் கல்விக்கூடம் பற்றிய என் கருத்து மாறிவிட்டதாக உன் ஆசிரியையிடம் சொல்ல வேண்டாம். உன் தாயார் தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். தில்லைநாயகம் அண்ணாச்சி நேற்று என்னை நிறுத்தி, "என்ன வே, மருந்து வாங்கவா வந்தீரு, இல்ல இன்னைக்கும் தட்டிக்குப் பின்னால நிக்கவா?" என்று கேட்டார். ஊரே என்னைப் பார்த்திருக்கிறது, அது எனக்கு மட்டும்தான் தெரியாதிருந்ததாகத் தெரிகிறது.

எந்தப் பேருந்து என்று கேட்டிருக்கிறாய். தெரியாது என்று நேர்காணலில் நீ சொன்ன பதிலே போதுமானது.

26-ஆம் தேதி மருந்துக்கடைப் பக்கம் நிற்கிறேன், எதிர்ப்புறத்தில் அல்ல. கையில் தாள் இருந்தால் இறங்கியதும் வரைந்துகொள். முடிந்தவரை அசையாமல் நிற்பேன். அசைந்துவிட்டால் மூன்றாவது கால் இருந்துவிட்டுப் போகட்டும்.

அப்பா